பழைய ட்ரெயில் பைக்கின் பின் ஷொக்: ஒயில் சீலை மாற்ற முதல் ரொட்டைப் பாருங்கள்

மணற்காட்டு மணல்மேடுகளில் ஒரு காலை முழுக்க ஓடிவிட்டு வீடு திரும்பும்போது, பைக்கின் பின்பக்கம் அலையில் அகப்பட்ட வள்ளம் மாதிரி எழும்பி எழும்பி விழுந்தால், பின் ஷொக், அதாவது அதிர்வைத் தாங்கும் பாகம், செத்துவிட்டது என்று அர்த்தம். ஸ்பிரிங் மட்டும்தான் மிஞ்சியிருக்கிறது. பள்ளத்தில் இறங்கும்போது ஸ்பிரிங் அமுங்கும். அமுங்கிய அதே வேகத்தில் உங்களைத் தூக்கி எறியும். அந்த வேகத்தை அடக்குவது ஷொக்குக்குள் இருக்கும் ஒயில். ஒயில் கசிந்து போனாலோ, பழுதாகித் தண்ணீர் போலாகிவிட்டாலோ, உள்ளே காற்றுக் கலந்து நுரைத்தாலோ அடக்க ஆள் இல்லை.

சோதிக்க வழி சுலபம். இருக்கையின் பின்பக்கத்தைப் பலமாக அமுக்கிவிட்டுக் கையை எடுங்கள். மெதுவாக எழும்பி ஒரே தடவையில் நின்றால் ஷொக்கில் உயிர் இருக்கிறது. சட்டென்று துள்ளி, இன்னொரு ஆட்டமும் ஆடினால் கழற்ற வேண்டியதுதான்.

புதிதாக இந்த வேலையில் இறங்குபவர்களுக்காக எழுதுகிறேன். என்னிடம் இருப்பது 90களில் வந்த ஒரு 250 சி.சி. ஜப்பான் பைக். ஷொக்கின் உடம்போடு ஒட்டினாற்போல ஒரு சிறிய ரிசேவர் (ஒயில் விலகிப் போய் நிற்கும் உருளை), அதன் முனையில் ரயர் வால்வு போன்ற ஒரு வால்வு. உங்களுடையதிலும் அப்படி இருந்தால் இந்தக் கட்டுரை பொருந்தும். வால்வும் இல்லை, கழற்றக்கூடிய மூடியும் இல்லை, உடம்பின் வாயை மடித்து அடைத்திருக்கிறார்கள் என்றால் அது திறக்கச் செய்த ஷொக் அல்ல. அதை வெட்டிப் பார்க்கப் போகாதீர்கள், வேறொன்றைத் தேடுங்கள்.

என் பைக்குக்கு ஒன்றரை வருடத்தில் மூன்று தடவை ஒயில் சீல் (ஒயில் வெளியே கசியாமல் தடுக்கும் றப்பர் வளையம்) மாற்றினேன். மூன்றாவதும் இரண்டே மாதத்தில் கசிந்தது. சீல் தரமில்லை என்று நினைத்துக்கொண்டு, ரொட்டை, அதாவது ஷொக்குக்குள் போய்வரும் உருக்குத் தண்டை, கழற்றி ஒரு லேத் பட்டறைக்குக் கொண்டுபோனேன். அங்கே இருந்த பெரியவர் ரொட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பிறகு பெருவிரல் நகத்தை அதன் மேல் செங்குத்தாக வைத்து, மேலிருந்து கீழே மெதுவாக இழுத்தார். கீழ் நுனிக்கு நாலு விரற்கடை மேலே நகம் ஒரு கணம் நின்றது.

"தம்பி, சீலிலை பிழை இல்லை. இந்த இடத்திலை நகம் பிடிக்குது, பார்."

பார்த்தேன். கடுகில் பாதியளவுகூட இல்லாத ஒரு கறுப்புப் புள்ளி. சுற்றிப் பார்த்தால் அதைப் போல இன்னும் ஐந்தாறு. ஷொக் அமுங்கும் ஒவ்வொரு தடவையும் அந்தப் புள்ளிகளின் விளிம்பு சீலின் உதட்டை அரம் மாதிரி உராஞ்சியிருக்கிறது. எத்தனை சீல் போட்டாலும் அதே கதைதான்.

எங்கள் யாழ்ப்பாணத்தில் இது அடிக்கடி நடப்பதற்குக் காரணம் இருக்கிறது. ரொட்டின் மேல் இருக்கும் குரோம் கடினமானது. ஆனால் அதில் கண்ணுக்குத் தெரியாத வெடிப்புகள் உண்டு. பண்ணைப் பாலத்தாலும் காரைநகர் வீதியாலும் போகும்போது வீசும் உப்புக் காற்று, கடலேரிச் சேறு, கடற்கரை மணல் எல்லாம் ரொட்டின் வெளியே நிற்கும் பகுதியில் படிந்துவிடும். பைக்கை மாதக்கணக்கில் ஓடாமல் விட்டால் உப்பு அந்த வெடிப்புகளால் இறங்கி இரும்பைத் தின்னும். துரு அடியிலிருந்து குரோமைத் தூக்கிவிடும். ஆகவே கடலேரிப் பக்கம் போய்வந்த அன்றே நல்ல தண்ணீரால் கழுவுங்கள். தீவுப்பகுதியில் உவர்க்கிணற்றுத் தண்ணீரால் கழுவினால் உப்பை உப்பால் கழுவிய மாதிரிதான்.

இனி வேலைக்கு வருவோம்.

கழற்றுவதற்கு முன்

தேவையானவை: பைக்கின் சேவிஸ் மனுவல் (பி.டி.எஃப். ஆகவேனும்), நல்ல வைஸ், அதன் வாய்க்கு வைக்க இரண்டு பலகைத் துண்டு அல்லது அலுமினியத் தகடு, கொக்கி ஸ்பானர், சேர்க்கிளிப் (பள்ளத்துக்குள் இருந்து மூடியைப் பிடித்து வைக்கும் கம்பி வளையம்) கழற்றும் குறடு, இரண்டு மழுங்கிய பஞ்ச், வேர்னியர், றப்பர் சுத்தியல், கண்ணாடி. கண்ணாடி என்றால் கண்ணுக்குப் போடும் பாதுகாப்புக் கண்ணாடி. அது இல்லாமல் இந்த வேலையைத் தொடங்க வேண்டாம்.

சீல் செற்றை ஷொக்கின் அளவு தெரிந்த பிறகே வாங்குங்கள். பைக்கின் பெயரைச் சொல்லிக் கேட்டால் கடைக்காரர் ஏதாவது தருவார். ஷொக்கைச் செய்த கம்பனி ஷோவாவா, கயாபாவா, ரொட் எத்தனை மில்லிமீற்றர், உடம்பின் உள்விட்டம் எவ்வளவு என்று எழுதிக்கொண்டு போங்கள். பெரும்பாலும் கொழும்பிலிருந்து எடுப்பிக்க வேண்டி வரும். அதனால் முதலில் திறந்து, அளந்து, பிறகு ஓடர் செய்வதே புத்தி. அதுவரை பாகங்களைச் சுத்தமான பொலித்தீனில் சுற்றி வைக்கலாம்.

பைக்கைச் சட்டத்துக்குக் கீழே முட்டுக் கொடுத்து, பின் சில்லு நிலத்தில் தொடாதபடி நிறுத்துங்கள். இருக்கை, பக்க மூடிகள், சில பைக்குகளில் எயார் பொக்ஸும் கழற்ற வேண்டி வரும். கீழே லிங்க்கின் (ஷொக்கைப் பின் சில்லின் கையோடு இணைக்கும் நெம்பின்) போல்ட், மேலே ஷொக்கின் போல்ட். லிங்க் போல்ட் துருப்பிடித்து இறுகியிருந்தால் முதல் நாளே துரு இளக்கும் ஒயில் அடித்து விட்டுவிடுங்கள். சுத்தியலால் மரையின் நுனியில் அடித்து அதைக் காளான் மாதிரி விரித்துவிட்டால், போல்ட்டோடு பேரிங்கும் போகும்.

வெளியே வந்த ஷொக்கைத் திறக்கும் முன் மண்ணெண்ணெயும் தூரிகையும் கொண்டு நன்றாகக் கழுவுங்கள். செம்பாட்டு மண்ணின் தூள் ஒரு சிட்டிகை உள்ளே போனாலும் புதுச் சீல் வீண்.

ஸ்பிரிங்

ஸ்பிரிங்கை இறுக்கிப் பிடித்திருக்கும் லொக் நட்டை இளக்கும் முன், பூட்டியபடியே ஸ்பிரிங்கின் நீளத்தை அளந்து சுவரிலாவது எழுதி வையுங்கள். திரும்பப் பூட்டும்போது அந்த எண்தான் உங்களுக்குத் துணை. பிறகு மரையைச் சுத்தம் செய்து ஒயில் விட்டு, கொக்கி ஸ்பானரால் நட்டை முழுதாகப் பின்னுக்கு எடுங்கள். உளியால் அடித்துச் சுழற்றுவது எங்கள் கராஜுகளில் வழக்கம். அலுமினிய நட்டின் காதுகள் அதில்தான் உடைகின்றன. ஸ்பிரிங் கையால் அசையும் அளவுக்குத் தளர்ந்ததும் கீழேயுள்ள தட்டை விலக்கி எடுக்கலாம். தளரவில்லை என்றால் ஸ்பிரிங் அமுக்கும் கருவி இல்லாமல் தொடாதீர்கள்.

வாயுவை வெளியேற்றல்

ரிசேவருக்குள் ஏறக்குறைய 10 பார், அதாவது 140 பி.எஸ்.ஐ.க்குச் சற்று மேல் அமுக்கத்தில் நைதரசன் இருக்கும். ஏன் அது? ரொட் உள்ளே போகும்போது தன் பருமனளவு இடத்தைப் பிடிக்கிறது. 16 மில்லிமீற்றர் ரொட் 100 மில்லிமீற்றர் உள்ளே போனால் சுமார் 20 மில்லிலீற்றர் ஒயில் விலகியாக வேண்டும். ஒயில் சுருங்காது. அதனால் அது ரிசேவருக்குள் போய், அங்கே இருக்கும் றப்பர் பையை அமுக்குகிறது. அந்த றப்பர் பைக்குள் இருப்பது நைதரசன். அதன் அமுக்கம் ஒயிலை எப்போதும் நெருக்கி வைத்திருப்பதால் ஒயில் நுரைக்காது.

வால்வை முகத்துக்கு எதிர்ப்பக்கம் திருப்பி, துணியால் மூடி, ஊசியை மெதுவாக அமுக்கி வாயுவை விடுங்கள். சத்தம் நின்ற பிறகு ஊசியையே கழற்றி விடுங்கள். பை கிழிந்திருந்தால் வால்வு வழியே ஒயிலும் வரும். அப்படியென்றால் பையும் புதிதாக வேண்டும். வாயு முற்றாகப் போகாமல் எந்த சேர்க்கிளிப்பிலும் கை வைக்கக் கூடாது. உள்ளே அமுக்கம் இருக்கும்போது மூடி துப்பாக்கிக் குண்டு போலப் பறக்கும்.

திறத்தல்

மேற் காதை வைஸில் பிடித்து, ரொட் மேலே பார்க்கும்படி ஷொக்கைத் தலைகீழாக நிறுத்துங்கள். பெரும்பாலான ஷொக்குகளில் இந்த நிலையில் ரிசேவரின் மூடியும் மேலே பார்க்கும். அந்த மூடியைச் சற்று உள்ளே அமுக்கி, சேர்க்கிளிப்பை எடுத்து, மூடியைப் பையோடு இழுங்கள்.

உடம்பின் வாயில் உள்ள தூசு மூடியைச் சுற்றிச் சுற்றி மெதுவாகத் தட்டினால் எழும்பும். அதன் கீழே சீல் ஹெட், அதாவது ஒயில் சீல் இருக்கும் உலோக மூடி. இரண்டு பஞ்ச் கொண்டு அதை ஒரு விரற்கடை உள்ளே தள்ளினால் சேர்க்கிளிப் தெரியும். அதை எடுத்த பிறகு உடனே ரொட்டை இழுத்துவிடாதீர்கள். கிளிப் இருந்த பள்ளத்தின் விளிம்பில் விரலை வைத்துப் பாருங்கள். முள்ளு மாதிரி ஏதாவது தட்டுப்பட்டால் நுண் எமரித் தாளால் தேய்த்து, தூளைத் துடைத்து எடுங்கள். சீலும், ரொட்டின் உள் நுனியில் இருக்கும் பிஸ்டனின் பட்டியும் அந்த விளிம்பைத் தாண்டித்தான் போய்வர வேண்டும்.

இப்போது இழுங்கள். பழைய ஒயிலை ஒரு வெள்ளைப் பிளாஸ்ரிக் பாத்திரத்தில் ஊற்றிப் பாருங்கள். புது ஒயில் தெளிவாக இருக்கும். என்னுடையதில் வந்தது சாம்பல் கரைத்த தண்ணீர் போல இருந்தது. பாத்திரத்தைச் சரித்தால் அடியில் வெள்ளிப் பொடி கோடு கோடாக ஓடியது. பிஸ்டன் பட்டி தேய்ந்து அலுமினியம் உராஞ்சியதன் அடையாளம் அது. உடம்பின் உட்சுவரையும் வெளிச்சம் பிடித்துப் பாருங்கள். ஆழக் கீறியிருந்தால் சீல் மாற்றி மினக்கெட வேண்டாம்.

அந்த ஒயிலைக் காணிக்குள் ஊற்றாதீர்கள். எங்கள் நிலத்தடித் தண்ணீர் சுண்ணாம்புக் கல்லுக்குள் நிற்கிறது. மேலே ஊற்றுவது கிணற்றுக்குப் போய்ச் சேரும். சுன்னாகத்துக் கிணறுகளில் எண்ணெய் கலந்து சனம் பட்ட பாட்டை நாங்கள் கண்டவர்கள். பிளாஸ்ரிக் கலனில் அடைத்து, கழிவு ஒயில் வாங்கும் கராஜில் கொடுங்கள்.

ரொட்

எல்லாவற்றையும் விட அதிக நேரத்தை இங்கே செலவிடுங்கள். ரொட்டைத் துடைத்து, நகச் சோதனையை நாலு பக்கமும் செய்யுங்கள். தடித்த கண்ணாடித் தட்டின் மேல் உருட்டி, வளைவு இருக்கிறதா என்று அடியில் வெளிச்சம் பாருங்கள். வளைந்த ரொட்டை நிமிர்த்திப் போடுவதை நான் ஏற்கமாட்டேன்.

நகம் பிடிக்காத வெறும் கறை என்றால், மிக நுண்ணிய எமரித் தாளில் ஒயில் தொட்டு, ரொட்டைச் சுற்றிய திசையில் தேய்க்கலாம். நீளவாக்கில் தேய்த்தால் அந்தக் கீறல்களே ஒயில் வெளியேறும் வாய்க்காலாகிவிடும். நகம் பிடித்தால் இரண்டே வழி: பழைய குரோமை எடுத்துக் கடின குரோம் திரும்பப் பூசி, அளவுக்குக் கடைந்து மினுக்குவது, அல்லது நல்ல ரொட் உள்ள இன்னொரு ஷொக் தேடுவது. அலங்காரத்துக்குப் பூசும் குரோம் இதற்கு உதவாது, உரிந்துவிடும். நான் பூசுவித்தேன். அதற்குப் பிறகு போட்ட நாலாவது சீல் இன்றுவரை கசியவில்லை.

வால்வுத் தட்டுகள்

சீல் ஹெட்டை ரொட்டிலிருந்து எடுக்க வேண்டுமென்றால் பிஸ்டனைக் கழற்ற வேண்டும். பிஸ்டன் நட்டுக்கு வெளியே நிற்கும் ரொட்டின் நுனியைத் தொழிற்சாலையில் குத்தி நசித்திருப்பார்கள்; அரத்தால் அந்த நசிவை எடுத்த பிறகே நட்டைத் திருப்புங்கள்.

பிஸ்டனின் இரண்டு பக்கமும் நாணயத்தை விட மெல்லிய உருக்குத் தட்டுகள் அடுக்காக இருக்கும். 0.10, 0.15, 0.20 மில்லிமீற்றர் என்று தடிப்பும், விட்டமும் மாறி மாறி வரும். ஒயில் இந்தத் தட்டுகளை வளைத்துக்கொண்டுதான் போகிறது. ஷொக்கின் குணமே இந்த அடுக்கில்தான் இருக்கிறது. ஒரு பக்கம் அமுங்கும்போது வேலை செய்வது, மறுபக்கம் எழும்பும்போது வேலை செய்வது. ஒன்று இடம் மாறினாலும் பைக் வேறு பைக்காகிவிடும். நட்டைக் கழற்றியவுடன் ரொட்டின் நுனியோடு ஒரு ஸ்குரூ டிரைவரை முட்டவைத்து, அடுக்கு முழுவதையும் அப்படியே அதன்மேல் வழுக்கி, கம்பி கோத்துக் கட்டுங்கள். கழற்றும் ஒவ்வொரு கட்டத்திலும் போனில் படம் எடுங்கள். காற்றாடியை நிறுத்திவிட்டு இதைச் செய்யுங்கள். தட்டு ஒன்று பறந்தால் தேடியே பொழுது போய்விடும்.

பாகங்களைத் துடைக்கப் பழைய சாரத்துண்டு வேண்டாம், நூல் விடும். மண்ணெண்ணெயில் கழுவி, பிறேக் கிளீனர் அடித்து, காற்றில் காயவிடுங்கள்.

சீல் பூட்டும்போது உதடு ஒயில் பக்கம் பார்க்க வேண்டும். ரொட்டின் மரை நுனியில் மெல்லிய பொலித்தீனைச் சுற்றி, அதன்மேல் ஒயில் பூசி, சீல் ஹெட்டை வழுக்கி இறக்குங்கள். இல்லாவிட்டால் மரையே சீலைக் கீறிவிடும். ஷொக் முழுதாக அமுங்கும்போது அடிபடும் றப்பர், தூசு மூடி, சீல் ஹெட், பிறகு தட்டுகளும் பிஸ்டனும் என்ற ஒழுங்கில் ரொட்டில் ஏறவேண்டும். தூசு மூடியை மறந்து எல்லாம் இறுக்கிய பிறகு நினைவு வந்தால் முழுவதையும் திரும்பக் கழற்ற வேண்டும். பிஸ்டன் நட்டுக்கு மரைப் பசை இட்டு, மனுவல் சொல்லும் முறுக்கு அளவில் இறுக்குங்கள்.

ஒயிலும் காற்றும்

ஷொக் ஒயில் மெல்லியது, 2.5 அல்லது 5 என்ற எண்ணில் வருவது. எஞ்சின் ஒயில் விட்டால் முதல் நாள் இறுக்கமாகத் தெரியும், சூடேறியதும் தளர்ந்துவிடும். ஒரு கராஜில் எனக்கு அப்படி விட்டுத் தந்தார்கள். சுண்டிக்குளம் போய்ச் சேர முன்னமே பின்பக்கம் துள்ளத் தொடங்கிவிட்டது. ஷொக் ஒயில் ஒரு லீற்றர் வாங்கினால் மிஞ்சும்.

அமுங்கும் இறுக்கத்தைக் கூட்டிக் குறைக்கும் கொம்பிரெஷன் திருகியை முழுதாகத் திறந்துவிடுங்கள். ஷொக் தலைகீழாகவே நிற்கட்டும். ஒயிலை விளிம்பு வழியாக, நுரைக்காமல் மெதுவாக ஊற்றுங்கள். உடம்பிலும் ரிசேவரிலும் மட்டம் ஏறும். றப்பர் சுத்தியலால் சுற்றித் தட்டி, ஒரு தேநீர் குடித்து வரும்வரை விடுங்கள். குமிழிகள் தாங்களாக ஏறும்.

பிறகு பிஸ்டனை ஒயிலுக்குள் இறக்குங்கள். பட்டியை விரலால் நெருக்கிப் பிடித்து, அந்தப் பள்ளத்து விளிம்பைக் கவனமாகத் தாண்டுங்கள். இனி மெதுவாக மேலும் கீழும் அசையுங்கள். பிஸ்டன் ஒயில் மட்டத்துக்கு மேலே வரக்கூடாது. வந்தால் காற்றைத் திரும்ப உறிஞ்சிவிடும். முதலில் பெரிய குமிழிகள் வரும், பிறகு பால் நுரை மாதிரி, பிறகு ஊசிமுனைக் குமிழிகள். ஒன்றும் வராத வரை செய்யுங்கள். இருபது நிமிடம் எடுக்கலாம். கை உளைந்தால் ஓய்வெடுத்துவிட்டுத் தொடருங்கள். இதில் அவசரப்பட்டால் முழு வேலையும் பழுது.

ஒயிலை வாய் விளிம்பு வரை நிரப்பி, சீல் ஹெட்டை அமுக்கி, சேர்க்கிளிப்பைப் பள்ளத்தில் இருத்துங்கள். ரொட்டை மேலே இழுத்து சீல் ஹெட் கிளிப்பில் வந்து முட்டச் செய்யுங்கள். கிளிப் முழுச் சுற்றும் பள்ளத்துக்குள் இருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள், இன்னொருவரையும் பார்க்கச் சொல்லுங்கள். பிறகு ரொட் முழுதாக வெளியே நிற்க, ரிசேவரை விளிம்பு வரை நிரப்பி, வால்வு ஊசி பூட்டிய நிலையில் பையைச் சரித்துச் சரித்து இறக்குங்கள். மேலதிக ஒயில் வழியட்டும். அதோடு காற்றும் போகும். கிளிப்பைப் போடுங்கள். றப்பர் பைக்குப் பதிலாக உள்ளே மிதக்கும் பிஸ்டன் உள்ள ஷொக் என்றால் அதன் ஆழத்தை மனுவல் சொல்லும். அந்த ஒழுங்கையே பின்பற்றுங்கள்.

ரொட்டைக் கையால் அமுக்கி இழுத்துப் பாருங்கள். முழுத் தூரமும் ஒரே சீராகப் போகவேண்டும். திசை மாறும் இடத்தில் ஒரு சின்ன வெற்றிடம், அல்லது 'புஸ்' என்ற சத்தம் இருந்தால் காற்று இன்னும் உள்ளே. திறந்து திரும்பச் செய்யுங்கள்.

நைதரசன்

குளிரூட்டி, ஏ.சி. திருத்துபவர்களிடம் உலர் நைதரசன் சிலிண்டரும் ரெகுலேற்றரும் இருக்கும். பலரும் நினைத்துப் பார்க்காத இடம் அது. அவர்களுடைய குழாயின் மரை ஷொக் வால்வை விடப் பெரியது. லேத்தில் ஒரு இணைப்புக் கடைவித்து வைத்துக்கொண்டால் வாழ்நாளுக்கும் போதும். வெல்டிங் கடையில் இருக்கும் ஒட்சிசனை ஒருபோதும் ஏற்றாதீர்கள். அமுக்கமான ஒட்சிசன் ஒயிலைத் தொட்டால் வெடிக்கும், ஆள் தப்பமாட்டார். கொம்பிரெஸர் காற்றும் வேண்டாம், அதில் ஈரமும் ஒட்சிசனும் இருக்கின்றன.

இரண்டு மூடிகளும் ஆட்களைப் பார்க்காதபடி ஷொக்கைப் பிடித்து, முதலில் ஒன்று இரண்டு பார் மட்டும் ஏற்றிக் கசிவு பாருங்கள். பிறகு மனுவல் சொல்லும் அளவுக்கு. ஏற்றியதும் ரொட் தானாக வெளியே வரும். 16 மில்லிமீற்றர் ரொட் என்றால் ஏறக்குறைய 20 கிலோ பாரத்தைத் தூக்கும் விசையோடு. ஏற்றிய பிறகு ரயர் கேஜ் வைத்துப் பார்க்கும் ஆசையை அடக்குங்கள். பை மிகச் சிறியது, கேஜே வாயுவில் ஒரு பங்கைக் குடித்துவிடும்.

பூட்டுதல்

ஸ்பிரிங்கை எழுதிவைத்த நீளத்துக்கு இறுக்குங்கள். லிங்க் பேரிங்குகளைக் கழுவி, தண்ணீருக்கு நிற்கும் கிறீஸ் நிறைய வையுங்கள். ஷொக் கழன்ற வேளையில் அதைச் செய்யாவிட்டால் பிறகு யாரும் செய்வதில்லை.

கடைசியாகத் தாழ்வு அளத்தல். பின் சில்லு அந்தரத்தில் நிற்க, அச்சிலிருந்து மட்கார்ட்டில் ஒரு புள்ளி வரை அளவுங்கள். பிறகு நீங்கள் ஏறி, கால்களை மிதியில் வைத்து, ஒருவர் பிடிக்க, இன்னொருவர் அதே தூரத்தை அளக்கட்டும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் பின் சில்லின் மொத்தப் பயணத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒன்று இருக்க வேண்டும். 250 மில்லிமீற்றர் பயணம் என்றால் 80 மில்லிமீற்றரை ஒட்டி. கூடத் தாழ்ந்தால் ஸ்பிரிங்கை இறுக்குங்கள், குறைந்தால் இளக்குங்கள்.

முதல் ஓட்டத்தைப் பக்கத்து ஒழுங்கைகளில் பத்து நிமிடத்தோடு நிறுத்தி, ரொட்டை வெள்ளைத் துணியால் துடைத்துப் பாருங்கள். மெல்லிய பூச்சாக ஒயில் தெரிந்தால் பயமில்லை, பூட்டும்போது பூசியது. துடைத்துவிட்டு இன்னொரு பத்து நிமிடம் ஓடுங்கள். இரண்டாம் தடவையும் துணியில் ஈரமான வளையம் விழுந்தால், அந்த வளையம் விழுந்த உயரத்தில் ரொட்டை நகத்தால் தடவிப் பாருங்கள்.